அகதிக் குழந்தைகளும் மருத்துவமனைப் படுக்கைகளும்

1971 டிசம்பர் முதல் நாளன்று இந்திய மண்ணில் தங்கியிருந்த கிழக்கு வங்க அகதிகளின் எண்ணிக்கை, அரசுக் கணக்கின்படி, 98,99,305 ஆகும். இவர்களுள் 67,97,245 பேர் 825 முகாம்களிலும், எஞ்சிய 31 லட்சம் பேர் உற்றார், நண்பர் இல்லங்களிலும் தங்கியிருந்தனர். மேற்கு வங்கம் ஒன்றே 72 லட்சம் பேருக்கு இடமளித்தது. ஆயினும் சுமையின் உண்மையான பளுவை அறிய விரும்புவோர் திரிபுராவை நோக்குதல் வேண்டும். அப்போது மத்திய ஆட்சிப் பகுதியாக இருந்த திரிபுராவின் மக்கள் தொகை, அதே ஆண்டுக் குடிக்கணக்கில் 15,56,342. அங்கு வந்து சேர்ந்த அகதிகளோ 13,81,649 பேர். ஒருவருக்கென அமைந்த மருத்துவ வசதியை ஏறத்தாழ இருவர் பங்கிட்டுக் கொள்ள நேர்ந்தது என்பதே இதன் பொருள்.

அரிசியைச் சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்பலாம். கூடாரத் துணியை விமானத்தில் கொண்டுவந்து இறக்கலாம். மருத்துவமனைப் படுக்கையை அவ்வாறு அனுப்ப இயலாது. படுக்கை என்பது இரும்புக் கட்டிலன்று. அதன் பின்னே ஒரு செவிலியர், ஒரு மருத்துவரின் நேரம், தூய்மையாக்கப்பட்ட கருவி, இரத்தம், கழிவை அகற்றும் ஆள் ஆகிய அனைத்தும் நிற்கின்றன. இவற்றுள் ஒன்று குறையினும் படுக்கை வெறும் கட்டிலாகிவிடுகிறது. பொருளாதார மாணவர் இதனைக் குறுகிய காலத்தில் கூட்ட முடியாத அளிப்பு என்பர். அளிப்பைக் கூட்ட முடியாதபோது எஞ்சும் கேள்வி ஒன்றே: எந்தக் குழந்தையைப் படுக்கையில் கிடத்துவது, எந்தக் குழந்தையைப் படுக்கையின்றியே காப்பாற்றுவது? 1971-இல் எல்லைப்புற மருத்துவமனைகள் இக்கேள்விக்கு விடை கண்ட விதம் இன்றளவும் பயிலத்தக்கது.

போங்காவ் மருத்துவமனையில் நிகழ்ந்தது

மழைக்காலம் தொடங்கு முன்னரே முகாம்களில் காலரா தோன்றிவிட்டது. செப்டம்பர் மாதத்திற்குள் நோயுற்றோர் தொகை 46,000-ஐக் கடந்தது. எல்லையில் தடுப்பூசி போடப்பட்டது உண்மையே. எனினும் அக்காலத்துக் காலரா ஊசி அளித்த பாதுகாப்பு அரைகுறையானது, குறுகிய காலமே நிற்பது. பன்னாட்டுப் பயணிகளுக்கு அந்த ஊசிச் சான்றிதழ் கட்டாயமென்னும் விதியை உலக நலவாழ்வு மன்றமே 1973-இல் கைவிட்டது.

காலராவினால் குழந்தை இறப்பது கிருமியின் நஞ்சு குருதியில் கலப்பதால் அன்று. உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால் ஆகும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்ததாகும். அந்நிலையில் நாடி தளர்ந்து, கண் குழிந்து, குழந்தை மயங்கிவிடும். சில மணி நேரத்தில் இவ்வளவும் நடந்தேறிவிடும். இழந்த நீரை ஈடு செய்தால் அதே குழந்தை அதே வேகத்தில் எழுந்து உட்காரும். அக்காலத்தில் மருத்துவ உலகம் ஏற்றிருந்த வழி, சிரையில் ஊசியைச் செலுத்திச் சலைன் ஏற்றுவதே. இதில் குழந்தைகளைப் பொறுத்தவரை ஓர் இடர்ப்பாடு உண்டு. நீர் வற்றிய சிறு குழந்தையின் சிரை சுருங்கிக் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாது போகும். தலையின் தோலில் ஓடும் சிரையைத் தேட வேண்டும். அதுவும் கிட்டாவிடில் கணுக்காலருகே தோலைக் கீறிச் சிரையை வெளிப்படுத்திக் குழாயைச் செலுத்த வேண்டும். இது சிறியதாயினும் அறுவைச் சிகிச்சையே. அதற்குப் பயின்ற கை வேண்டும், நேரமும் வேண்டும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திவந்த மருத்துவ ஆய்வு, பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மகாலனபிஸ், 1971 ஜூன் இறுதியில் போங்காவ் மருத்துவமனைக்குச் சென்றார். (இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வாயிலாகப் பொருளாதார மாணவர்கள் அறிந்த புள்ளியியல் அறிஞர் பிரசாந்த சந்திர மகாலனபிஸ் வேறொருவர்.) எல்லையை ஒட்டிய அச்சிற்றூரைச் சுற்றி லட்சக்கணக்கான அகதிகள் திரண்டிருந்தனர். மருத்துவமனையின் இரு அறைகளில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். சலைன் ஏற்றச் சென்றவர் அவர்தம் கழிவின் நடுவே மண்டியிட்டே ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாட்களுக்குள் நிலைமை தெளிவாயிற்று. சலைன் போதிய அளவு இல்லை. இருந்தாலும் அதனை ஏற்றப் பயின்றவர் அவருடைய குழுவில் இருவரே.

இவ்விடத்தில் ஓர் அதிகாரி வழக்கமாகச் செய்யக்கூடியது கூடுதல் சலைனும் கூடுதல் மருத்துவரும் கோரி மேலிடத்துக்கு எழுதுவதாகும். அவை வந்து சேரும் நாளுக்குள் எத்தனை குழந்தைகள் எஞ்சியிருக்கும் என்பது வேறு. மகாலனபிஸ் பிறிதொரு வழியைத் தேர்ந்தார். ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா ஆகியவற்றைக் கரைத்து வாய்வழியே புகட்டுவதே அவ்வழி. சரக்கு கல்கத்தாவில் வாங்கப்பட்டு, நிலையத்தின் நூலக அறையிலேயே நிறுக்கப்பட்டுப் பிளாஸ்டிக் பைகளில் அடைக்கப்பட்டது. போங்காவில் அது பெரிய பீப்பாய்களில் கரைக்கப்பட்டது. பீப்பாயின் அடியில் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. நோயாளியின் தாயோ, அண்ணனோ, பாட்டியோ குவளையில் பிடித்துச் சென்று புகட்டினர். ஊழியர்களும் மக்களும் தயங்காதிருக்க அதற்கு ‘வாய்வழிச் சலைன்’ என்றே பெயரிட்டனர். ஊசியில் ஏறும் சலைன்மீது மக்கள் கொண்டிருந்த மதிப்பு, பெயரின் வழியே குவளைக்கும் வந்து சேர்ந்தது. நலவாழ்வுப் பிரசாரத்தில் ஈடுபடுவோர் இந்தச் சிறு தந்திரத்தைக் கவனித்தல் நன்று.

சரக்கின் அடக்கவிலை லிட்டருக்கு 11 காசு. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் நாட்டில் ஒவ்வொரு கடிதத்தின்மேலும் 5 காசு அகதி நிவாரணத் தலை கூடுதலாக ஒட்டப்பட்டதை அக்காலத்தவர் நினைவு கூர்வர். அத்தகைய தலைகள் இரண்டின் விலையோடு ஒரு காசு சேர்த்தால் ஒரு லிட்டர் கரைசல்.

ஆகஸ்ட் இறுதி வரையிலான ஏறத்தாழ இரு மாதங்களில் 3,700 பேர் அளவில் அங்கு சிகிச்சை பெற்றனர். இறந்தோர் விகிதம் 3.6 விழுக்காடு. முன்னர் சலைனை மட்டுமே நம்பியிருந்தபோது அது 30 விழுக்காட்டை எட்டியிருந்தது. இவ்விரு எண்களையும் ஒப்பிடும் மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். இது முறைப்படி இரு பிரிவாகப் பிரித்து நடத்திய சோதனையன்று. தொடக்க வாரங்களின் குழப்பம் பின்னர் தணிந்ததும் ஒரு காரணமாகலாம். எனினும் வேறுபாடு எட்டு மடங்குக்கு மேற்பட்டது. நிதானித்த பின்னும் அது எஞ்சி நிற்கிறது. மற்றொன்றையும் மறத்தலாகாது. சலைன் அறவே கைவிடப்படவில்லை. நாடி விழுந்து மயங்கிக் கிடந்தோர்க்கு முதலில் சலைனே ஏற்றப்பட்டது. தெளிந்ததும் குவளை கொடுக்கப்பட்டது. குடிக்கக் கூடியவர் அனைவரையும் குவளைக்கு அனுப்பியதனாலேயே, குடிக்க முடியாத குழந்தைக்குச் சலைன் புட்டியும் பயின்ற கையும் கிட்டின. போங்காவ் நிகழ்ச்சியின் உட்கருத்து இதுவே என்று கூறலாம்.

அறிந்திருந்தும் பயன்படாத அறிவு

இந்த அறிவு போங்காவில் திடீரென முளைத்ததன்று. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-இலேயே வாய்வழி நீரூட்டம் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். குடற்சுவரின் வழியே குளூக்கோஸும் சோடியமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உட்செல்கின்றன, நீர் அவற்றைத் தொடர்கிறது, காலராவிலும் இவ்வாற்றல் அழிவதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்டு கேஷும் நோயாளிகளிடம் இதனை நிறுவினர். ஆயினும் பயின்றோர் மேற்பார்வையில், அளந்து புகட்டினாலன்றி இம்முறை பயன்படாது என்னும் ஐயம் மருத்துவர் பலரிடம் நிலவியது. படிப்பறியாத தாயின் கையில் இதனை ஒப்படைக்கலாமா என்பதே மெய்யான தடை. அறிவியல் தடை நீங்கிய பின்னும் இத்தடை மூன்றாண்டுகள் நீடித்தது. முகாமில் வேறு வழியில்லாமற் போனபோதுதான் அது தகர்ந்தது.

உலக நலவாழ்வு நிறுவனத்தில் பணியாற்றிய தீமன் பருவா முகாமை நேரில் கண்டு, பின்னர் நிறுவனத்திற்குள் இம்முறைக்காக வாதாடினார். 1978-இல் அந்நிறுவனம் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. விடுதலை பெற்ற வங்காள தேசத்தில், திரும்பிவந்த அகதிகளின் மறுவாழ்வுக்கென 1972-இல் தோன்றிய ‘பிராக்’ நிறுவனம், 1980 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் கிள்ளிய உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரைச் சேர் நீரும் கலக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்பித்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களை இப்பயிற்சி எட்டியது. மகாலனபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. 1971-இன் அளவுகள் இன்றைய அளவுகளல்ல என்பதையும் குறித்துக் கொள்ளல் வேண்டும். 2002 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் உப்பும் குளூக்கோஸும் குறைவு, பொட்டாசியமும் சேர்க்கப்பட்டுள்ளது.

முகாமில் காலரா மட்டுமே குழந்தைகளை வாட்டியது எனக் கருதலாகாது. தட்டம்மை, சீதபேதி, நுரையீரல் சுரம் ஆகியவையும் சேர்ந்தே வந்தன. கண்வலி பரவி மேற்கு வங்கமெங்கும் ‘ஜொய் பங்களா’ என்னும் பெயரே பெற்றுவிட்டது. சென்னையில் அதே நோய்க்கு ‘மெட்ராஸ் ஐ’ என்று பெயர். நோய்க்கு அண்டைவீட்டார் பெயரிடும் வழக்கம் எங்கும் உள்ளதே. இவற்றினும் கொடியது பசி. ஊட்டக்குறை மிகுந்த குழந்தைகளுக்கென அரசு ‘ஆபரேஷன் லைஃப்லைன்’ என்னும் திட்டத்தை மேற்கொண்டது. அதன் ஒரு கிளை பரவலான துணையுணவுக்கும், மற்றொன்று நலிந்த குழந்தைகளைத் தங்கவைத்துத் தேற்றும் நிலையங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. இங்கும் அதே பாகுபாட்டையே காண்கிறோம்: பலருக்குப் படுக்கை வேண்டாம், சிலருக்கு இன்றியமையாதது.

கத்தி வேண்டிய குழந்தை

தாயின் கைக்கு மாற்றக் கூடிய சிகிச்சை ஒருபுறமிருக்க, எவ்வாறு முயன்றாலும் மாற்ற முடியாத சிகிச்சையும் உண்டு. துப்பாக்கிக் குண்டும் பீரங்கிக் குண்டின் சிதறலும் பாய்ந்த குழந்தைக்கு அறுவை அரங்கைத் தவிர வேறிடமில்லை. இத்தகையோர் மிகுதியாக வந்து சேர்ந்த இடம் அகர்தலா. நகரத்தை ஒட்டியே எல்லை. ரயில் பாதை அன்று மாநிலத்தின் வடகோடியிலுள்ள தர்மநகரோடு நின்றிருந்தது. அங்கிருந்து மருந்தும் மாவுக்கட்டுப் பொடியும் மலைச் சாலை வழியே வர வேண்டும். கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ரதின் தத்தாவும் அவர் குழுவினரும் காயமுற்ற பெருந்தொகையினருக்குச் சிகிச்சை அளித்தனர்.

குழந்தையின் அறுவைச் சிகிச்சை பெரியவர் சிகிச்சையின் சிறு படிவமன்று. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 800 மில்லி லிட்டர். பெரியவர் எளிதில் தாங்கக் கூடிய 200 மில்லி லிட்டர் இழப்பு, அக்குழந்தைக்குக் கால் பங்கு இழப்பாகும். மயக்க மருந்தின் அளவு எடைக்கேற்பக் கணக்கிடப்பட வேண்டும். மூச்சுக்குழாயில் செலுத்தும் குழல் வெவ்வேறு அளவுகளில் இருப்பில் இருக்க வேண்டும். உடற்சூடு விரைவில் தணிவதால் மழைக்காலத்து அரங்கிலும் குழந்தையைப் போர்த்திக் காக்க வேண்டும். ஊட்டம் குன்றிய குழந்தையின் புண் ஆறுவதில்லை. தைத்த இடம் பிரிகிறது, சீழ் பிடிக்கிறது. எனவே உடனடி ஆபத்தில்லாத அறுவைக்கு முன் சில வாரங்கள் உணவூட்டித் தேற்றுவதே சிறந்த அறுவை மருத்துவர் செய்வது. அச்சில வாரங்களும் ஒரு படுக்கையை அடைத்துக் கொள்ளும். வயிற்றுப்போக்குக் குழந்தைகளால் மருத்துவமனை நிரம்பி வழிந்தால் இப்படுக்கை எங்கிருந்து வரும்? குவளைக் கரைசலின் பயனை உயிர் பிழைத்த காலரா நோயாளியைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது என்பதற்கு இதுவே காரணம். அது விடுவித்த படுக்கையும் செவிலியரின் நேரமும் கணக்கில் சேர வேண்டும். பொருளாதாரத்தில் இதனை வாய்ப்புச் செலவு என்கிறோம். நிவாரணக் கணக்கேடுகளில் இதற்கெனத் தனிப் பத்தி இருப்பதில்லை.

திரிபுராவின் பிஷ்ராம்கஞ்சில் எழுந்த வங்காள தேசக் கள மருத்துவமனை மற்றொரு வகையில் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் அறுவை மருத்துவப் பயிற்சியை நடுவில் விட்டு வந்த ஜாபருல்லா சௌதுரியும், எம்.ஏ. மொபினும் முன்னின்று அமைத்த அந்த மருத்துவமனை, மூங்கிலும் கீற்றும் கொண்டு கட்டப்பட்டது. 480 படுக்கைகள் கொண்டது. கேப்டன் சிதாரா பேகம் அதன் பொறுப்பை ஏற்று நடத்தினார். படுக்கைக்கு வேண்டிய செவிலியருக்கு எங்கே போவது? அகதிகளாக வந்த இளம்பெண்களே பயிற்றுவிக்கப்பட்டனர். மருத்துவம் அறியாத அவர்கள் சில வாரங்களில் புண்ணுக்குக் கட்டு மாற்றவும், காய்ச்சலைக் குறித்து வைக்கவும், அறுவை அரங்கில் துணை நிற்கவும் தேர்ந்தனர். படுக்கையின் அளிப்பைக் கூட்ட முடியாது என முன்னர்க் கூறியது இங்கு ஓரளவு திருத்தம் பெறுகிறது. கட்டிலை மூங்கிலால் செய்யலாம். செவிலியரைப் பயிற்சியால் உருவாக்கலாம். அறுவை மருத்துவரை மட்டும் அவ்வளவு விரைவில் ஆக்க இயலாது. ஆகவே அவர் கையைத் தவிர மற்ற அனைத்தையும் பிறரிடம் ஒப்படைப்பதே முறை. போருக்குப் பின் அக்குழுவினர் 1972-இல் சாவாரில் கணஸ்வாஸ்த்ய கேந்திரத்தை நிறுவினர். அங்குப் பயிற்சி பெற்ற துணை மருத்துவப் பணியாளர்களான பெண்கள் குடும்பநல அறுவையையும் செய்யலாயினர். அதன் முடிவுகள் 1975-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. மருத்துவச் சங்கங்கள் இத்தகைய ஏற்பாடுகளை விரும்புவதில்லை என்பது எந்நாட்டிலும் காணக்கூடியதே.

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றும் இப்பாகுபாட்டை உறுதி செய்கிறது. 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் வங்காள தேசத்தின் காக்ஸ் பஜார் பகுதியை அடைந்தனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே ஏழு லட்சம் பேருக்கு வாய்வழிக் காலரா மருந்து புகட்டப்பட்டது. அஞ்சியபடி காலரா பெருவாரியாகப் பரவவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத வகையில் தொண்டை அடைப்பான் நோய் வெடித்தது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சிறார். உரிய காலத்தில் தடுப்பூசி பெறாத மக்களிடம் தோன்றும் இந்நோய்க்கு நஞ்சு முறிவு மருந்தை மருத்துவர் முன்னிலையில்தான் செலுத்த வேண்டும். மூச்சு அடைபட்டால் தொண்டையில் துளையிடவும் நேரும். இங்குத் தாயின் குவளைக்கு வேலையில்லை. படுக்கையே வேண்டும். அதனை இருப்பில் வைத்திருந்தவரே பயன் பெற்றனர்.

திரும்பிச் சென்ற பின்

1972 தொடக்கத்தில் அகதிகள் திரும்பலாயினர். பிப்ரவரி இறுதிக்குள் 90 லட்சத்துக்கு மேற்பட்டோர் தாயகம் சேர்ந்தனர். மார்ச் 25 அன்று இந்தியாவில் எஞ்சியோர் ஏறத்தாழ 60,000 பேரே என அரசு மதிப்பிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிக்கு உணவும், மருத்துவ உதவியும், இரு வாரத்துக்கான அடிப்படைப் பொருள்களும் வழங்கப்பட்டன. இவ்வளவு பெருந்தொகையினர் இவ்வளவு விரைவில் வீடு திரும்பிய நிகழ்ச்சிகள் வரலாற்றில் மிகச் சிலவே. நிருவாகத்துறை இதனைப் பெருமையுடன் கூறிக்கொள்வதில் தவறில்லை.

காலராவிலிருந்து பிழைத்த குழந்தை முழு நலத்துடன் திரும்பியது. அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தையின் நிலை அதுவன்று. கால் நீக்கப்பட்ட குழந்தையின் எலும்பு வளர்ந்துகொண்டே செல்லும். எஞ்சிய காலின் முனையில் எலும்பு தோலை முட்டிக் கிழிக்கும். அதனை மீண்டும் அறுத்துச் சீர்செய்ய வேண்டியிருக்கும். செயற்கைக் காலை ஓராண்டுக்கு ஒருமுறையேனும், சிறு வயதில் அதற்கும் முன்னரே, மாற்ற வேண்டும். ஐந்து வயதில் கால் இழந்த குழந்தை முழு வளர்ச்சி பெறும் வரை பத்துக்கு மேற்பட்ட செயற்கைக் கால்களை வேண்டி நிற்கும். நிவாரணச் செலவோ மாதங்களில் கணக்கிடப்படுவது. அகதி வெளியேறிய நாளோடு கணக்கு முடிக்கப்படுவது. போர்க்காயமுற்றோர்க்கென 1972-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ரொனால்டு கார்ஸ்ட் டாக்காவில் தொடங்கிய பணி, பின்னர் அந்நாட்டின் தேசிய எலும்பு மருத்துவ நிறுவனமாக வளர்ந்தது. எல்லைக்கு இப்பால் தொடங்கிய சிகிச்சையை அப்பால் தொடர ஒரு நிலையம் இருந்தது. ஆயினும் இருவருக்குமிடையே தாயின் நினைவைத் தவிர வேறு இணைப்பு வேண்டாமா என்பதை முகாம் மருத்துவமனையைத் திட்டமிடுவோர் முதல் நாளிலேயே சிந்தித்தல் வேண்டும்.

அத்தகைய இணைப்புக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. நனையாத உறையிலிட்ட ஓர் அட்டை போதும். அறுவை நடந்த நாள், நீக்கப்பட்டது எது, உடலில் தங்கிவிட்ட சிதறல் எங்கே, ஏற்றப்பட்ட குருதியின் வகை, போடப்பட்ட தடுப்பூசிகள், மாவுக்கட்டைப் பிரிக்க வேண்டிய நாள், அடுத்த செயற்கைக் கால் தேவைப்படும் மாதம் ஆகியவற்றை மருத்துவர் படிக்கும் மொழியில் ஒரு பக்கமும், தாய் படித்துக் கேட்கும் மொழியில் மறு பக்கமும் எழுதி, குழந்தை வண்டியேறும்போது அவள் கையில் கொடுக்க வேண்டும்.